வலது தோளில் அரை இஞ்சு

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடியபடி நிற்கிறார். பெட்டிக்குள் ஒரு பழைய பழுப்புக் கோட்டு. கடல் பயணக் கதைகளாக எழுதிக் குவித்த ஒரு பெரிய எழுத்தாளரின் நினைவில்லம் அது. வந்தவர்களெல்லாம் அடுத்த அறையில் அவர் எழுதிய மேசையையும், அடித்துத் திருத்திய கைப்பிரதியையும் பார்த்து வாய் பிளந்துகொண்டிருக்கிறார்கள். இவர் மட்டும் கோட்டை விட்டு நகரவில்லை. கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வருகிறது.

"இது அவரோடது இல்ல."

காவலர் நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறார். "சார், கண்ணாடியில மூக்கு படுது."

"மூக்கை விடுங்க. அந்த போட்டோவுல பாருங்க, வலது கையில பேனா பிடிச்சிருக்கார். அப்போ எந்தக் கை மணிக்கட்டு முதல்ல தேயணும்? வலதுதானே? இதுல வலது புத்தம் புதுசா இருக்கு. இடது முழங்கை நைஞ்சு கிடக்கு. இதைப் போட்டவர் இடது கையை மேசையில ஊணி, கன்னத்துல வெச்சுக்கிட்டு நாள் பூரா சும்மா உக்காந்திருந்தவர். ஏதோ ஆபீஸ்ல பெரிய அதிகாரியா இருந்திருப்பார்."

இவருடைய மனைவி அதற்குள் மாடிக்குப் போய்விட்டிருப்பார். நினைவில்லங்களில் கணவரைத் தெரியாதவர் போல நடந்துகொள்வதில் அந்த அம்மாளுக்குப் பதினெட்டு வருட அனுபவம்.

தொழில் தையல். மருந்துக்கடைக்கும் சாவி செய்பவரின் பெட்டிக்கும் நடுவில் கடை. படுத்தால் கால் நீட்ட முடியாத அகலம். ஒரு தையல் மெஷின், துணி வெட்டுகிற மேசை, ஆளை இடுப்பு வரை மட்டுமே காட்டும் ஒரு கண்ணாடி. தெருவில் எல்லாரும் அவரை 'அரை இஞ்சு' என்றுதான் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் புதுப் பெயர்ப்பலகை மாட்டிய நாளில் தெருவே நன்றாயிருக்கிறது என்று சொல்ல, இவர் மட்டும் கடை வாசலில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் அரை இஞ்சு இறங்கியிருக்கு" என்றார். மட்டம் வைத்துப் பார்த்தார்கள். இறங்கித்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு விட்ட பேச்சை இன்னும் தொடங்கவில்லை. பெயர் மட்டும் இவருக்கு ஒட்டிக்கொண்டது.

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல அவரால் முடியாது. வருடக்கணக்காகச் சட்டை தைத்துக்கொள்கிறவர் தெருவில் எதிரே வந்து சிரித்தாலும் திருதிருவென்று விழிப்பார். அவர் கடந்து நாலு அடி போன பிறகு முதுகைப் பார்த்து, "அடடே, நாப்பது நெஞ்சு! எப்படி இருக்கீங்க?" என்று பின்னாலிருந்து கூப்பிடுவார். திரும்பிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கோபமாகத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

புத்தகத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இஞ்சு டேப்பில் இருக்கிற எண்களைத் தவிர வேறு எதையும் அவர் ஆழ்ந்து படித்ததில்லை. அவர் மனைவி நேர் எதிர். குடிநீர் அலுவலகத்தில் வேலை. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு நாவல். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு எடுத்து ஏதாவது எழுத்தாளரின் வீட்டையோ இலக்கிய விழாவையோ பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு அடுத்த பதினொரு மாதம் ஓடும். முதல் தடவை பெட்டி தூக்குவதற்காகத்தான் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் சட்டை இருந்தது. தப்பு அங்கே நடந்துவிட்டது.

அதிலிருந்து ஒரு பயணத்துக்கும் இவரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. குழந்தைகளுக்குப் பூதக் கதைகள் எழுதிய ஓர் அம்மையாரின் வீட்டில் இருபத்துநாலு இஞ்சு இடுப்புள்ள கவுன் ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து எழுதிய மெத்தை நாற்காலி, நடுவில் நன்றாகக் குழிந்து. இவர் கவுனைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். "இந்த இடுப்பா இந்தக் குழியை விழ வெச்சது?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். வாசல் வரை ஆள் வந்து வழியனுப்பி வைத்தது அங்கேதான்.

விழாக்களிலும் இதே கதை. கூடாரத்துக்குள் ஓர் அறிஞர் நாவலில் மரணம் என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார். அந்த அம்மாள் நாலு பக்கம் குறிப்பெடுப்பார். முடிந்ததும் ஒரு பேச்சுக்காகக் கணவரைக் கேட்பார்.

"எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் பேசினார். பாவம், கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டையும் கூடவே ஏறுது. அக்குள்ல அரை இஞ்சு விட்டிருந்தா இன்னும் அரை மணி நேரம் பேசியிருப்பார்."

"அந்த அரை இஞ்சை விடாத தையல்காரர் நல்லா இருக்கட்டும்" என்று ஒருமுறை முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

குறை சொல்வதற்கென்றே போகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். மலைப்பாதையில் ஏறிப் போக வேண்டிய ஒரு கவிஞரின் வீட்டில் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருந்தது. பையின் அடியில் மைக்கறை. கறைக்குப் பக்கத்தில் கிழிசல். அதைத் தைத்திருந்த நூல் வேறு நிறம், தையல் நண்டு நடந்ததுபோல. தையல் தெரியாத ஒருவர், ஒண்டிக்கட்டை, தானே ஊசி எடுத்துத் தைத்தது. அன்றைக்கு இவர் வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு மனைவியிடம் போய், "இவரோடதுதான்" என்றார். பிறகு, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, "என்ன எழுதினார் இவர்?" என்று கேட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் பாதி வழியில் தூங்கிப்போனார் என்பது வேறு விஷயம்.

இப்படி ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்களுக்கு, தங்கள் தெருவிலேயே ஓர் எழுத்தாளர் இருந்தது பல காலம் தெரியாது. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அச்சடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக ஒரு துணிப்பையில் போட்டு வலது தோளில் மாட்டி, முப்பது வருடம் வீட்டுக்கும் அச்சகத்துக்கும் நடந்தவர். அரை இஞ்சு அவரை 'பை சார்' என்றுதான் சொல்வார். முதல் நாள் அளவு எடுக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார், வலது தோள் இடது தோளைவிட அரை இஞ்சு இறக்கம். அளவு நோட்டில் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் எல்லாச் சட்டையையும் அந்த இறக்கத்தோடுதான் வெட்டினார். பை சாருக்கு அது தெரியாது. "உங்க சட்டையைப் போட்டா மட்டும் நான் நேரா இருக்கேன்" என்று சொல்லுவார்.

ஒவ்வொரு தடவையும் சட்டையை வாங்கிக்கொண்டு பை சார் ஒன்று கேட்பார். "துணி மீதி இருக்கா? கண்ணாடி துடைக்க ஒரு துண்டு போதும்."

"இல்ல சார். சரியாப் போச்சு."

உலகத்தில் எந்தத் தையல்காரரும் சொல்கிற பதில்தான். பை சாரும் உலகத்தில் எல்லாரையும் போல நம்பாமல் சிரித்துவிட்டுப் போவார். சட்டை நுனியிலேயே கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் தன் நாவல் ஒன்றைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நல்ல கெட்டி அட்டை. துணி வெட்டுகிற மேசையின் ஒரு கால் குட்டை. புத்தகம் அதற்கு அளவெடுத்தாற்போல இருந்தது. அடுத்த முறை வந்த பை சார் குனிந்து பார்த்தார். அரை இஞ்சுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் பை சார். "நான் எழுதினதுல இது ஒண்ணுதான் ஒரு வேலைக்கு ஆயிருக்கு." கடைக்கு வந்த மனைவி ஒருநாள் மேசைக்கு அடியில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மூன்று முறை படித்த நாவல் அது. ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. இப்போது புத்தகம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அட்டையில் மேசைக் காலின் வட்டத்தோடு.

கடைசியாகத் தைக்கக் கொடுத்தது சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போட்ட துணி. வியாழக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை அச்சகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஒன்பது வருடமாயிற்று. ஆறு மாதம் யாரும் வாங்க வராத துணியை யாருக்காவது கொடுத்துவிடுவது கடை வழக்கம். அந்தச் சட்டை மட்டும் அலமாரியிலேயே இருந்தது. ஏன் என்று மனைவி கேட்டபோது, "கொடுக்கலாம். யாருக்குப் பொருந்தும்? ஊர்ல எல்லாருக்கும் தோள் நேரா இருக்கே" என்றார். வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்து உதறி, தேய்த்து, திரும்ப மடித்து வைப்பார். அதற்கு என்ன காரணம் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

இந்த வருடம் ஊருக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. எங்கோ தொலைதூரத்தில் பை சாரின் நாவலுக்கு ஏதோ விருது கிடைத்து, அவர் வாடகைக்கு இருந்த வீட்டை நினைவில்லம் ஆக்கினார்கள். மூன்று நாள் விழா என்று முடிவாயிற்று. விழாக்குழுவில் தையல்காரரின் மனைவியும் இருந்தார். காட்சிப் பொருள்களுக்கு அட்டை எழுதும் பொறுப்பு அவருக்கு. வாழ்நாள் முழுக்க மற்ற ஊர்களில் படித்த அட்டைகளைத் தானே எழுதும் நாள் வந்ததில் அவருக்கு உறக்கமே பிடிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் கணவரை வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார். வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"இதோ பாருங்க. உலகம் பூரா என் மானத்தை வாங்கியாச்சு. நம்ம ஊர்லயாவது வாயைத் திறக்காதீங்க. நாலு பேர் முன்னாடி எனக்கு ஒரு மரியாதை இருக்கு."

"நான் ஏன் திறக்கறேன்?"

உள்ளே போனார். மூன்றாவது அறையில், மரத்தாலான ஆள் உருவத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. கீழே மனைவியின் முத்து முத்தான கையெழுத்தில் அட்டை: 'எழுத்தாளர் அணிந்த சட்டை.' கழுத்துப்பட்டி பதினேழு இஞ்சுக்குக் குறையாது. பை சாரின் கழுத்து பதினாலரை.

வாயைத் திறக்கவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். கைகளைப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார். முகம் சிவந்து, தும்மலை அடக்குகிற மாதிரி கண்ணில் நீர் முட்டி நின்றது. மனைவி அவரைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"சரி, சொல்லித் தொலைங்க. எத்தனை இஞ்சு?"

"ரெண்டரை" என்றார், அடைத்திருந்த மூச்சை விட்டு.

விழாக்குழுச் செயலாளர் வந்தார். சட்டையைக் கொடுத்த பை சாரின் மைத்துனரும் வந்தார். வாசல்படியில் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டிய உடம்பு. அரை இஞ்சு அதற்குள் கடைக்கு ஓடி அளவு நோட்டையும், காகிதத்தில் சுற்றிய சாம்பல் நிறச் சட்டையையும் எடுத்து வந்திருந்தார். நோட்டில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். பதினாலரை கழுத்து, முப்பத்தாறு நெஞ்சு, வலது தோள் அரை இறக்கம், ஓரத்தில் குண்டூசியால் குத்திய துணித்துணுக்கு.

செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிங்க. ஆனா நீங்க வெச்சிருக்கற சட்டையை அவர் போடவே இல்லையே. போடாத சட்டை எப்படி அவர் சட்டை ஆகும்?"

"போடல. ஆனா அவருக்குத் தெச்சது. நீங்க மாட்டியிருக்கறது யாரோ போட்டதுதான். ஆனா அவர் இல்ல."

"அப்ப யாராம்?"

அறையிலிருந்த எல்லாருடைய கண்ணும் மைத்துனரின் கழுத்துக்குப் போயிற்று. செயலாளர் உருவத்திலிருந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மரியாதையாக, "ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமே" என்றார். மைத்துனர் போட்டார். கடைசிப் பொத்தான் வரை அச்சாகப் பொருந்தியது. வயிற்றுப் பக்கத்தில் துணி பழகிய இடத்தில் பழகியபடியே உட்கார்ந்தது.

மைத்துனர் அப்படியே நாற்காலியில் அமர்ந்துவிட்டார். "என்னோடதுதாங்க" என்றார். "அவர் போன மறுவாரமே எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கொடுத்துட்டேன். அக்காவும் முன்னாடியே போயிட்டா, வீட்டைக் காலி பண்ணணும், என்ன செய்யறது? இவருக்கெல்லாம் ஒருநாள் விழா எடுப்பாங்கன்னு யாருக்குங்க தெரியும்? நீங்க வந்து கேட்டப்ப ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வாய் வரல." சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் சட்டைதானே, தாராளமாகத் துடைத்துக்கொள்ளலாம்.

அரை இஞ்சுக்கு வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. மனைவியின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அந்த அம்மாள் அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். புது அட்டையில் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். பிறகு எழுதினார்: 'எழுத்தாளருக்காகத் தைக்கப்பட்ட கடைசிச் சட்டை. வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை.'

செயலாளர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இதுவே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை, பத்து மணிக்குத் திறப்பு. ஒன்பதரைக்கே வாசலில் கூட்டம். மரத்தாலான உருவத்தில் சாம்பல் நிறச் சட்டையை மாட்டியாயிற்று. ஆனால் சட்டை சரியாக நிற்கவில்லை. வலப்பக்கத் தோளிலிருந்து நெஞ்சு வரை ஒரு மடிப்பு கோணலாக இழுத்தது. செயலாளர் கீழே இழுத்து விட்டார். மைத்துனர் பின்பக்கம் இழுத்து விட்டார். ஒருவர் தேய்ப்புப் பெட்டி கொண்டு வரட்டுமா என்றார்.

"என்னங்க, ஊர்ச் சட்டைக்கெல்லாம் குறை சொல்லுவீங்க" என்றார் செயலாளர். "உங்க சட்டையே கோணலா நிக்குதே."

"சட்டை சரியாத்தான் இருக்கு. இந்த மரத்துக்குத்தான் தோள் நேரா இருக்கு. இடது பக்கம் அரை இஞ்சு ஏத்தணும்."

எதை வைத்து ஏற்றுவது என்று எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். காகிதம் சரசரக்கும், பஞ்சு பிதுங்கும். வெளியே யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிச் சோதித்தார்கள். அரை இஞ்சு மனைவியை ஒருமுறை பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு துணித்துண்டை வெளியே எடுத்தார். சாம்பல் நிறம், மெல்லிய கோடு. கண்ணாடி துடைக்க நாலு துண்டுக்குக் காணும்.

மனைவி புருவத்தை உயர்த்தினார். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கழுத்துப்பட்டியைத் தூக்கி, துணியை எட்டாக மடித்து இடது தோளுக்கு அடியில் செருகி, மேலே உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "இந்தாங்க சார், மீதி" என்றார்.